மதுரை அரசியல் நூற்றாண்டு – 14: தமிழவேள் பி.டி. ராஜனும் நீதிக்கட்சியின் மரபுவழிப் பிரிவும்

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் மதுரைச் சீமையில் வேரூன்றிய அரசியல் இயக்கங்களைப் பட்டியலிடுவோர் காங்கிரசையும் பொதுவுடைமை இயக்கத்தையும் சுயமரியாதை இயக்கத்தையும் பார்வர்டு பிளாக்கையும் விரிவாகப் பேசிவிட்டு, அவற்றுள் பலவற்றுக்கு முன்பே இங்கே கால்கொண்டிருந்த நீதிக்கட்சியை, அதிலும் குறிப்பாக அதன் மரபுவழிப் பிரிவை, இரண்டொரு வரிகளில் கடந்துவிடுகின்றனர். கட்சியின் பெயர் 1944-ஆம் ஆண்டில் மாறியதோடு அதன் வரலாறும் முடிந்தது என்னும் எண்ணம் இதற்குக் காரணமாகலாம். ஆனால் பெயர் மாற்றத்தை ஏற்காமல் பழைய பெயரையும் பழைய கொள்கையையும் தாங்கி மேலும் பல ஆண்டுகள் இயங்கிய ஒரு பிரிவு இருந்தது. அதற்குத் தலைமை தாங்கியவர் உத்தமபாளையத்தில் பிறந்து, மதுரையைத் தம் பொதுவாழ்வின் களமாகக் கொண்ட பொன்னம்பல தியாகராஜன். மக்கள் வழக்கில் அவர் பி.டி. ராஜன், ஆங்கில அரசு அளித்த பட்டத்தால் 'சர்', தமிழ்ப் பற்றாளர்கள் அளித்த பட்டத்தால் 'தமிழவேள்'.

மரபுபேணும் அரசியல் என்பதைத் தொடங்கும்போதே விளக்கிக்கொள்வது நலம். சமூகத்தின் நீண்டநாள் நிறுவனங்களான சமயம், சொத்துரிமை, குடும்பம், சட்டமன்ற நடைமுறை ஆகியவற்றை அடியோடு பெயர்க்காமல், தேவையான திருத்தங்களைப் படிப்படியாகவும் சட்டத்தின் வழியாகவும் செய்ய வேண்டும் என்னும் நிலைப்பாடே அது. ஒவ்வொரு நாட்டிலும் காக்கப்பட வேண்டிய மரபு எது என்பது வேறுபடுவதால், இந்த அரசியலின் உள்ளடக்கமும் நாட்டுக்கு நாடு வேறுபடும். சென்னை மாகாணத்தில் இதற்கு வாய்த்த வடிவம் உலகின் பிற பகுதிகளில் காணப்படாதது. சமூகநீதியைக் கோரிப் பிறந்த கட்சியின் உள்ளேயே அது வளர்ந்தது; கோவிலை நேசித்தவர்களே கோவில் நிர்வாகத்தை அரசின் மேற்பார்வைக்குக் கொண்டுவரும் சட்டத்துக்குத் துணை நின்றனர். இந்த இரண்டும் ஒரே மனிதரிடம் எவ்வாறு முரணின்றி இணைந்தன என்பதைப் பி.டி. ராஜனின் வாழ்வு காட்டுகிறது.

கம்பம் பள்ளத்தாக்கின் பின்புலம்

மதுரை நகருக்கு மேற்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் விரியும் கம்பம் பள்ளத்தாக்கு, இன்று தேனி மாவட்டத்தைச் சேர்ந்ததாயினும், 1990-கள் வரை மதுரை மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது. மேற்கு நோக்கி ஓடிய பெரியாற்று நீரை அணைகட்டித் தடுத்து, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாகக் கிழக்கே திருப்பிவிடும் முல்லைப்பெரியாறு திட்டம், பென்னிகுயிக்கின் தலைமையில் 1895-ஆம் ஆண்டில் நிறைவேறியபோது, கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மேலூர் வரையிலான வேளாண்மையின் போக்கே மாறத் தொடங்கியது. வானம் பார்த்த பூமியில் உறுதியான பாசனம் வந்தால் நிலத்தின் மதிப்பு உயரும். நிலத்தின் மதிப்பு உயர்ந்தால் நிலவுடைமையாளரின் பொருள்வலிமையும் அதைத் தொடர்ந்து அவரது பொதுவாழ்வுச் செல்வாக்கும் உயரும். பிற்காலத்தில் சட்டமன்றங்களில் அமர்ந்த மதுரை மாவட்ட நிலக்கிழார் பலரின் எழுச்சியை இந்தப் பொருளியல் மாற்றத்தோடு சேர்த்தே புரிந்துகொள்ள வேண்டும்.

அணை நிறைவேறுவதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்னர், 1892-ஆம் ஆண்டில், உத்தமபாளையத்தில் செல்வமும் செல்வாக்கும் மிக்க நிலக்கிழார் குடும்பத்தில் ராஜன் பிறந்தார். இளமையிலேயே இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்ட அவர், கேம்பிரிட்ஜ் நகரிலுள்ள லேய்ஸ் பள்ளியிலும், பின்னர் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் ஜீசஸ் கல்லூரியிலும் பயின்று, பாரிஸ்டராகத் தாயகம் திரும்பினார். அந்த நாட்டில் வளர்ந்த ஆண்டுகள் அவருக்குள் இரண்டு நம்பிக்கைகளை ஊன்றியிருக்க வேண்டும் என்று அவரது பின்னாளைய செயல்களைக் கொண்டு கருத இடமுண்டு. ஒன்று, ஆட்சி மாற்றமும் சமூகத் திருத்தமும் பாராளுமன்ற முறையின் வழியே வர வேண்டும் என்பது. மற்றொன்று, வாய்ப்பு மறுக்கப்பட்டவருக்கு அதைப் பெற்றுத் தருவது ஆளும் பொறுப்பில் இருப்பவரின் கடமை என்பது. முதல் நம்பிக்கை அவரைத் தெருப் போராட்டங்களிலிருந்து விலக்கியே வைத்தது. இரண்டாவது நம்பிக்கை அவரை நீதிக்கட்சிக்குக் கொண்டுவந்தது.

இரட்டையாட்சியும் நீதிக்கட்சியும்

சென்னை விக்டோரியா பொதுமண்டபத்தில் 1916 நவம்பரில் டாக்டர் டி.எம். நாயர், பிட்டி தியாகராயச் செட்டியார், டாக்டர் சி. நடேச முதலியார் ஆகியோரின் முயற்சியால் உருவான தென்னிந்திய நல உரிமைச் சங்கமே, அது நடத்திய ஆங்கில நாளிதழின் பெயரால் நீதிக்கட்சி என்று அழைக்கப்பட்டது. மாகாண மக்கள்தொகையில் சிறுபகுதியினரான பிராமணர்கள் அரசுப் பணிகளிலும் உயர்கல்வியிலும் மிகப் பெரும் பங்கைப் பெற்றிருந்த நிலையை மாற்றி, பிராமணரல்லாதாருக்கும் உரிய பங்கைப் பெற்றுத் தருவது அதன் முதன்மை நோக்கம். விடுதலை இயக்கம் வலுப்பெறுவதற்கு முன் சமூகங்களுக்கிடையே சமநிலை ஏற்பட வேண்டும் என்று கருதியதால், அது ஆங்கில ஆட்சியுடன் ஒத்துழைக்கும் பாதையைத் தேர்ந்தது.

அந்தப் பாதைக்கு வாயில் திறந்தது 1919-ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம். இச்சட்டம் மாகாண ஆட்சியை இரண்டாகப் பிரித்தது. காவல், நிதி, நிலவரி, நீர்ப்பாசனம் போன்ற துறைகள் ஆளுநரிடமும் அவரது நிர்வாகக் குழுவிடமும் இருந்தன. இவை ஒதுக்கப்பட்ட துறைகள் எனப்பட்டன. கல்வி, பொதுச் சுகாதாரம், உள்ளாட்சி, வேளாண்மை, தொழில், கூட்டுறவு, அறநிலையம் போன்றவை சட்டமன்றத்துக்குப் பொறுப்பான இந்திய அமைச்சர்களிடம் ஒப்படைக்கப்பட்டன. இவை மாற்றப்பட்ட துறைகள். இந்த முறைக்கே இரட்டையாட்சி என்று பெயர். சென்னைச் சட்டமன்றத்தில் நிர்வாகக் குழுவினர் நீங்கலாக இருந்த 127 இடங்களில் 98 இடங்களுக்குத் தேர்தல் நடந்தது. அவற்றுள் 28 இடங்கள் பிராமணரல்லாதாருக்கென ஒதுக்கப்பட்டிருந்தன. வாக்குரிமை சொத்தையும் வரியையும் அடிப்படையாகக் கொண்டிருந்ததால் மக்களில் மிகச் சிறு பகுதியினரே வாக்களித்தனர். காங்கிரசு புறக்கணித்த 1920-ஆம் ஆண்டுத் தேர்தலில் நீதிக்கட்சி பெரும்பான்மை பெற்று ஆட்சி அமைத்தது. அந்தத் தேர்தலில் வென்று சட்டமன்றத்துக்குள் நுழைந்தபோது ராஜனுக்கு வயது 28. அதன் பின்னர் 1937 வரை அவர் தொடர்ந்து உறுப்பினராக இருந்தார்.

அந்த முதல் பத்தாண்டுகளில் நீதிக்கட்சி செய்தவற்றை நோக்கினால், மரபுபேணும் மனமும் சீர்திருத்தும் மனமும் ஒன்றாகச் செயல்பட்டது புலனாகும். அரசுப் பணிகளில் எல்லாச் சமூகத்தாருக்கும் இடம் கிடைக்க வேண்டும் என்னும் வகுப்புவாரி அரசாணை 1921-இல் பிறந்தது. அதே ஆண்டில் பெண்களுக்கு வாக்குரிமை வழங்கப்பட்டது. மாகாண அரசுப் பணிகளுக்கு ஆளெடுக்கத் தனித் தேர்வாணையம் 1929-இல் ஏற்பட்டது. இவற்றுக்கு இணையான முக்கியத்துவம் கொண்டது, முதலமைச்சர் பனகல் அரசரின் ஆட்சியில் 1925-இல் நிறைவேறி 1927-இல் மறுபடியும் இயற்றப்பட்ட இந்து சமய அறநிலையச் சட்டம். கோவில்களின் நிலங்களும் நகைகளும் வருவாயும் ஒரு சிலரின் கைக்குள் முறைகேடாகச் சென்று சேர்வதைத் தடுக்க, கணக்குகளைத் தணிக்கை செய்யவும் நிர்வாகத்தை நெறிப்படுத்தவும் அதிகாரம் பெற்ற வாரியத்தை இச்சட்டம் நிறுவியது. கோவில் ஊராரின் பொதுச்சொத்து என்னும் நெடுநாள் எண்ணத்துக்கு இச்சட்டம் நிர்வாக வடிவம் கொடுத்தது. சமயத்தில் அரசு தலையிடுகிறது என்று எதிர்ப்பாளர்கள் குற்றம் சாட்டினர். ஆதரித்தவர்களோ சமயத்தைக் காப்பதற்கே இச்சட்டம் என்றனர்.

இதன் விளைவு மதுரையிலேயே சில ஆண்டுகளில் தெரிந்தது. 1939 ஜூலை 8 அன்று அ. வைத்தியநாத ஐயர் ஒடுக்கப்பட்ட மக்களை அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோவிலுக்குள் நுழைந்தபோது, கோவிலின் செயல் அலுவலராக இருந்த ஆர்.எஸ். நாயுடு அதற்குத் துணை நின்றார். காங்கிரசுக்காரர் நடத்திய நுழைவுக்கு, நீதிக்கட்சி இயற்றிய சட்டத்தின் வழியே வளர்ந்த நிர்வாக முறை கைகொடுத்தது. இரு கட்சிகளும் தேர்தல் மேடைகளில் எவ்வளவு மோதினாலும், கோவிலை எல்லா மக்களுக்கும் உரியதாக்கும் பணியில் ஒன்றின் செயல் மற்றொன்றுக்கு அடித்தளமானதை இந்நிகழ்வு காட்டுகிறது.

அமைச்சரும் முதலமைச்சரும்

1930-ஆம் ஆண்டுத் தேர்தலில் நீதிக்கட்சி மீண்டும் ஆட்சிக்கு வந்தபோது, முனுசாமி நாயுடு முதலமைச்சராகவும், ராஜனும் எஸ். குமாரசாமி ரெட்டியாரும் மற்ற இரு அமைச்சர்களாகவும் பொறுப்பேற்றனர். இரண்டாண்டுகளுக்குள் கட்சியிலிருந்த ஜமீன்தார்கள் முனுசாமி நாயுடுவுக்கு எதிராகத் திரண்டனர். ஜமீன்தார் என்போர், நிரந்தர நிலவரி ஏற்பாட்டின்படி பெரும் பரப்புகளுக்கு உரிமை பெற்று, குடியானவரிடம் குத்தகை தண்டி அரசுக்கு நிலையான தொகை செலுத்தியவர்கள். அவர்களின் அழுத்தத்தால் 1932 நவம்பரில் பொப்பிலி அரசர் முதலமைச்சரானார். தலைமை மாறியபோதும் ராஜன் வளர்ச்சித் துறை அமைச்சராகத் தொடர்ந்தார்.

இங்கே இரட்டையாட்சியின் ஆழமான குறை அவரது பணியைக் கட்டுப்படுத்தியது. வேளாண்மை அமைச்சரின் பொறுப்பில் இருந்தது; வேளாண்மைக்கு உயிரான நீர்ப்பாசனமும், உழவனை நேரடியாகத் தொட்ட நிலவரியும் ஆளுநரின் குழுவிடம் இருந்தன. உலகெங்கும் 1929-க்குப் பின் பரவிய பொருளாதாரப் பெருமந்தத்தால் நெல்லின் விலை கடுமையாக வீழ்ந்தபோது, தஞ்சையிலும் மதுரையிலும் உழவர்கள் வரிக்குறைப்பை வேண்டினர். வரியைக் குறைக்கும் அதிகாரம் அமைச்சரவையிடம் இல்லை. ஆனால் வாக்காளரின் பார்வையில் அரசு ஒன்றே, அந்த அரசின் முகம் நீதிக்கட்சியே. பெரியாற்றுப் பாசனத்தின் பயனைத் தம் ஊரிலேயே கண்டு வளர்ந்த ஒருவர், வேளாண்மைக்குப் பொறுப்பான துறையில் அமர்ந்தும், நீரின் மீதும் வரியின் மீதும் முடிவெடுக்க இயலாதவராக இருந்தார். அந்தக் காலத்து அமைச்சர்களின் சாதனைகளையும் தோல்விகளையும் மதிப்பிடும்போது இந்த வரம்பை மறந்துவிடலாகாது.

1936 ஏப்ரல் 4 முதல் ஆகஸ்ட் 24 வரை, பொப்பிலி அரசர் பதவியிலிருந்து விலகி நின்ற இடைவெளியில், ராஜன் சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தார். ஐந்து மாதங்களுக்கும் குறைவான அந்தக் காலத்தின் சிறப்பு ஒன்று குறிப்பிடத்தக்கது. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் ஆளுநர் எர்ஸ்கின் பிரபு விடுப்பில் சென்றபோது, நீதிக்கட்சியைச் சேர்ந்த கூர்மா வெங்கட ரெட்டி நாயுடு தற்காலிக ஆளுநரானார். ஆகவே சில வாரங்கள் மாகாணத்தின் ஆளுநர், முதலமைச்சர் என்னும் இரு உயர்பதவிகளிலும் நீதிக்கட்சியினரே அமர்ந்திருந்தனர். கட்சி தோன்றிய இருபதாண்டுகளில் அது அடைந்த உச்சம் இதுவே. உச்சத்துக்கும் சரிவுக்கும் இடையே இருந்தது ஓராண்டுகூட இல்லை.

1937-ஆம் ஆண்டின் தோல்வி

1935-ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் மாகாணங்களில் இரட்டையாட்சியை ஒழித்து, வாக்குரிமையை விரிவாக்கியது. புதிதாக வாக்கு பெற்ற சிறு உழவர்களும் கைவினைஞர்களும் சிறு வணிகர்களும் முதன்முறையாக வாக்களித்த 1937-ஆம் ஆண்டுத் தேர்தலில், கீழவையின் 215 இடங்களில் 159 இடங்களைக் காங்கிரசு வென்றது. பொப்பிலி அரசர் தம் சொந்தத் தொகுதியிலேயே வி.வி. கிரியிடம் தோற்றார். பதினேழு ஆண்டுகள் சட்டமன்றத்தில் இருந்த ராஜனின் உறுப்பினர் பதவியும் அந்தத் தேர்தலோடு முடிவுக்கு வந்தது.

தோல்விக்கான காரணங்களை வரலாற்றாய்வாளர்கள் பலவாறு எடுத்துரைப்பர். பெருமந்தத்தால் விளைந்த துயரம், ஜமீன்தார்களின் கைக்குள் கட்சி சென்றது, அமைச்சர்களின் உயர்ந்த சம்பளம், விடுதலை உணர்ச்சியின் எழுச்சி ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. அடுத்து ஆட்சிக்கு வந்த காங்கிரசு அமைச்சர்கள் மாதம் 500 ரூபாய் மட்டுமே சம்பளமாகப் பெறுவதென முடிவெடுத்தது, மக்கள் மனத்தில் இரு கட்சிகளுக்கும் இடையே தெளிவான வேறுபாட்டை வரைந்தது. மதுரையில் இந்த வேறுபாடு மேலும் கூர்மையாக இருந்தது. சிறை சென்றவர்களும் மதுவிலக்கு மறியலில் அடிபட்டவர்களும் வாக்குக் கேட்டுத் தெருவில் இறங்கிய நகரில், அரசுப் பட்டங்களைத் தாங்கியவர்களின் கட்சி மக்களுக்கு எட்டாத இடத்தில் நின்றது.

சமூகநீதிக்காகத் தோன்றிய கட்சி, அந்த நீதி யாருக்கு மிகத் தேவையோ அவர்களிடமிருந்து விலகிப்போனது என்பதே இந்தத் தோல்வியின் உட்பொருள். இதை மிகத் தெளிவாக எடுத்துரைத்தவர் டாக்டர் அம்பேத்கர். 1944 செப்டம்பரில் சென்னைக்கு வந்திருந்த அவர், சண்டே அப்சர்வர் இதழின் ஆசிரியர் பாலசுப்பிரமணியம் அளித்த விருந்தில் பேசும்போது, பிராமணரல்லாதாரின் கட்சி வேலைவாய்ப்பைப் பெறுவதிலேயே கருத்தைச் செலுத்தி, ஊர்ப்புறத்து ஏழை உழவரையும் குத்தகையாளரையும் மறந்துவிட்டது என்று நீதிக்கட்சித் தலைவர்களின் முன்னிலையிலேயே சுட்டிக்காட்டினார். கட்சியின் நண்பராக வந்தவர் வைத்த விமர்சனம் என்பதால் அதன் எடை அதிகம். கட்சியின் மரபுவழிப் பிரிவினர் அந்த விமர்சனத்துக்குச் செயலால் விடையளிக்கவில்லை என்பதை அவர்களின் பின்வரலாறு காட்டுகிறது.

சேலத்தில் பிரிந்த வழிகள்

தோல்விக்குப் பின் கட்சியில் தலைமை வெற்றிடம் ஏற்பட்டது. 1937-ஆம் ஆண்டில் அமைந்த இராஜாஜியின் அமைச்சரவை பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியபோது எழுந்த போராட்டத்தில் சிறை சென்ற ஈ.வெ. ராமசாமிப் பெரியார், சிறையில் இருந்தபடியே 1938 டிசம்பரில் நீதிக்கட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தஞ்சைப் பகுதியின் பெருந்தலைவரான ஏ.டி. பன்னீர்செல்வம் 1940 மார்ச்சில் விமான விபத்தில் மறைந்தது கட்சிக்கு நேர்ந்த மற்றோர் இழப்பு. சட்டமன்றக் கட்சியாக இருந்த நீதிக்கட்சி, பெரியாரின் தலைமையில் மெல்ல மக்கள் இயக்கமாக உருமாறியது. கூட்டங்களின் மொழி மாறியது, தொண்டர்கள் மாறினர், நோக்கமும் மாறியது.

அந்த மாற்றம் 1944 ஆகஸ்ட் 27 அன்று சேலம் மாநாட்டில் முழுமை பெற்றது. ஆங்கில அரசு அளித்த பட்டங்களைத் துறக்க வேண்டும், நியமனப் பதவிகளிலிருந்து விலக வேண்டும், பெயருக்குப் பின்னுள்ள சாதி ஒட்டை நீக்க வேண்டும் என்னும் கருத்துகளைத் தாங்கிய தீர்மானங்களை அண்ணாதுரை முன்மொழிந்தார்; கட்சிக்குத் திராவிடர் கழகம் என்று பெயர் சூட்டப்பட்டது. தேர்தல் அரசியலிலிருந்து விலகி நிற்பதும், சமயத்தையும் சடங்குகளையும் எதிர்ப்பதும் புதிய அமைப்பின் அடையாளங்களாயின.

இவற்றை ஏற்க இயலாதவர்கள் நீதிக்கட்சி என்னும் பெயரையே தாங்கித் தனியே இயங்கினர். முதலில் பி. ராமச்சந்திர ரெட்டியும், பின்னர் ராஜனும் அந்தப் பிரிவுக்குத் தலைமை ஏற்றனர். இப்பிரிவைப் பட்டத்தையும் பதவியையும் விட மனமில்லாதவர்களின் கூட்டம் என்று அக்காலத்து எதிரணியினர் குறை கூறினர். அந்தக் குற்றச்சாட்டில் ஒரு பகுதி உண்மை இருப்பினும், கொள்கை வேறுபாடும் அதே அளவு உண்மையானது. பிராமணரல்லாதாருக்கு உரிய இடம் வேண்டும் என்பதில் இரு பிரிவினரும் ஒன்றுபட்டனர். அந்த இடத்தைப் பெறுவதற்குக் கடவுள் நம்பிக்கையையும் கோவிலையும் எதிர்க்க வேண்டுமா என்னும் கேள்வியில் பிரிந்தனர். ஏற்றத்தாழ்வுக்குச் சமயமே வேர் என்று பெரியார் கருதினார். சமயம் எல்லாருக்கும் உரியது, அதைச் சிலர் தமதாக்கிக்கொண்டதே குறை என்னும் நிலையில் ராஜன் நின்றார். தேர்தலும் சட்டமன்றமும் வேண்டும் என்பது அவர்களைப் பிரித்த மற்றொரு நம்பிக்கை. இந்த இரண்டாவது கேள்வியில், 1949-இல் திராவிட முன்னேற்றக் கழகத்தைத் தொடங்கிப் பின்னர் தேர்தல் களத்துக்கு வந்த அண்ணாதுரையும் ராஜனின் பக்கத்துக்கே வந்து சேர்ந்தார் என்பது வரலாற்றின் முக்கியமான திருப்பம்.

சட்டமன்றத்தில் ஒற்றை உறுப்பினர்

வயதுவந்த அனைவருக்கும் வாக்குரிமை கிடைத்தபின் 1952-இல் நடந்த முதல் பொதுத்தேர்தலில், நீதிக்கட்சி ஒன்பது இடங்களில் போட்டியிட்டு ஓர் இடத்தை மட்டுமே வென்றது. கம்பம் தொகுதியில் வென்ற ராஜனே அந்த ஒருவர். 375 உறுப்பினர் கொண்ட அவையில், முப்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் பெரும்பான்மையோடு ஆட்சி அமைத்த கட்சியின் சார்பில் அவர் தனியே அமர்ந்தார். அதே தேர்தலில் மதுரை வடக்குத் தொகுதியிலிருந்து பொதுவுடைமைக் கட்சியின் பி. ராமமூர்த்தி வென்றார். ஒரே மாவட்டம் ஒரே தேர்தலில் நிலவுடைமைப் பின்புலம் கொண்ட மரபுவழித் தலைவரையும், ஆலைத் தொழிலாளரின் தலைவரையும் தேர்ந்தெடுத்தது, அந்நாளைய மதுரைச் சீமையின் சமூக அமைப்பை உள்ளபடி காட்டுகிறது. நகரம் ஹார்வி ஆலையைச் சுற்றி வளர்ந்த தொழிலாளர் உலகின் குரலைக் கேட்டது. பள்ளத்தாக்கு தனக்கு அறிமுகமான குடும்பத்தின் மீது நம்பிக்கை வைத்தது.

ஆனால் அந்தப் பள்ளத்தாக்குக்கு வெளியே கட்சிக்குக் கால் ஊன்ற இடம் எஞ்சவில்லை. 1948-ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டம், இடைத்தரகு உரிமைகளை நீக்கி, உழவரையும் அரசையும் நேரடியாக இணைக்கும் ரயத்துவாரி முறையைக் கொண்டுவந்ததால், பழைய நீதிக்கட்சியின் பொருள்வலிமையின் ஒரு தூண் சாய்ந்தது. 1953-இல் ஆந்திரம் தனி மாநிலமானபோது, கட்சியின் தெலுங்குப் பகுதித் தலைவர்கள் மாநிலத்துக்கு வெளியே சென்றனர். 1954-இல் காமராசர் முதலமைச்சரானபோது, பிராமணரல்லாதாருக்கு ஆட்சியில் உரிய இடம் என்னும் நீதிக்கட்சியின் அடிப்படைக் கோரிக்கை காங்கிரசின் வழியாகவே நிறைவேறியது. அடுத்த பொதுத்தேர்தல் வந்தபோது கட்சி களத்தில் இல்லை. தான் எழுப்பிய கோரிக்கைகளைப் பிற கட்சிகள் தத்தம் கொள்கைகளாக ஏற்றுக்கொண்டதால், நீதிக்கட்சி தனிக்கட்சியாக நிலைப்பதற்கான தேவையே மறைந்தது.

கோவில் திருப்பணிகள்

தேர்தல் களம் சுருங்கிய அதே ஆண்டுகளில், ராஜனின் பொதுவாழ்வு மற்றொரு களத்தில் விரிந்தது. 1950-இல் சபரிமலை ஐயப்பன் கோவில் தீக்கிரையானபின், புதிய ஐம்பொன் திருவுருவம் அமைவதில் முன்னின்றவர்களுள் அவர் ஒருவர். அந்தத் திருவுருவம் தமிழகத்து ஊர்களில் ஊர்வலமாக எடுத்துச் செல்லப்பட்டதும், நாடகக் கலைஞர் நவாப் ராஜமாணிக்கம் ஐயப்பன் வரலாற்றை மேடையேற்றியதும், சபரிமலைப் பயணம் தமிழ் மக்களிடையே பரவுவதற்குப் பெருந்துணை புரிந்தன. சாதி வேறுபாடின்றி எல்லாரும் மாலையணிந்து ஒரே முறையில் விரதம் பூண்டு செல்லும் வழிபாட்டை அவர் தேர்ந்தது, அவரது சமூகப் பார்வையோடு இயைந்தது. இதே காலத்தில், 1953 மே மாதத்தில், பெரியார் பிள்ளையார் உருவங்களை உடைக்கும் போராட்டத்தை நடத்தினார். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் வரை ஒரே கட்சியில் இருந்த இருவரின் வழிகள் எவ்வளவு விலகிவிட்டன என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

மதுரை மக்கள் ராஜனை இன்றும் நினைவில் வைத்திருப்பதற்கு முதன்மைக் காரணம், 1963-ஆம் ஆண்டில் குடமுழுக்கோடு நிறைவுற்ற மீனாட்சி சுந்தரேசுவரர் கோவில் திருப்பணி. அந்தத் திருப்பணிக் குழுவுக்கு அவரே தலைவர். திருப்பணி என்பது கோபுரச் சுதைச் சிற்பங்களைச் செப்பனிட்டு வண்ணம் தீட்டுவது, பழுதுபட்ட கற்கட்டடங்களைச் சீர்செய்வது, சந்நிதிகளைப் புதுப்பிப்பது முதலான எல்லாப் பணிகளையும் உள்ளடக்கிய பெருஞ்செயல். அதற்கு வேண்டிய பொருளை மன்னர் ஒருவரின் கருவூலத்திலிருந்து பெறும் காலம் போய்விட்டதால், வணிகர், ஆலை உரிமையாளர், சாதாரண அடியவர் என எல்லாரிடமிருந்தும் திரட்ட வேண்டியிருந்தது. நாயக்கர் காலத்துக்குப் பின் இந்தக் கோவிலில் நடந்த மாபெரும் புதுப்பித்தல்களுள் ஒன்றை, அரசு அதிகாரிகளும் நகரப் பெருமக்களும் இணைந்த ஒரு குழு, மக்களாட்சிக் காலத்து முறையில் நடத்திக் காட்டியது. அறநிலையச் சட்டத்துக்குத் துணை நின்ற கட்சியின் கடைசித் தலைவர், அந்தச் சட்டத்தின் கீழ் இயங்கிய கோவிலின் திருப்பணிக்குத் தலைமை தாங்கியதில், அவரது அரசியலின் தொடர்ச்சி தெளிவாகப் புலப்படுகிறது.

ஒப்பீடும் மதிப்பீடும்

ராஜன் சென்னைச் சட்டமன்றத்தில் ஒற்றை உறுப்பினராக அமர்ந்த அதே 1952-ஆம் ஆண்டில், அமெரிக்காவில் மரபுபேணும் அரசியலின் முதன்மைக் குரலாக விளங்கிய ஓஹியோ மாநில செனட்டர் ராபர்ட் டாஃப்ட், குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளராக முயன்று ஐசன்ஹோவரிடம் தோற்றார். செனட் என்பது ஒவ்வொரு மாநிலமும் இரண்டு உறுப்பினர்களை அனுப்பும் அமெரிக்க மேலவை. 1939 முதல் 1953-இல் மறையும் வரை அந்த அவையில் இருந்த டாஃப்ட், ரூஸ்வெல்ட் அதிபரின் நலத்திட்டங்களால் மைய அரசின் கை நீள்வதை எதிர்த்தார். தொழிற்சங்கங்களின் அதிகாரத்தைக் கட்டுப்படுத்தும் 1947-ஆம் ஆண்டுச் சட்டம் அவரது பெயரையும் தாங்கியது. குடிமக்களின் வாழ்வில் அரசு எவ்வளவு தூரம் தலையிடலாம் என்பதே அமெரிக்க மரபுவாதிகளின் மையக் கேள்வி.

சென்னை மாகாணத்தின் மரபுவாதிகளுக்கு அந்தக் கேள்வி அவ்வாறு எழவில்லை. இங்கே கல்வியும் பணியும் கோவில் நிர்வாகமும் பிறப்பின் அடிப்படையில் சிலருக்கே உரியனவாக இருந்ததால், அரசின் தலையீடு இல்லாமல் மற்றவர்களுக்கு வழி திறக்காது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். எனவே இட ஒதுக்கீடு, தேர்வாணையம், அறநிலைய வாரியம் என அரசின் கையை நீட்டிய சட்டங்களையே அவர்கள் இயற்றினர். அதே நேரத்தில் சமய நம்பிக்கை, சொத்துரிமை, பாராளுமன்ற நெறி ஆகியவற்றை விடாமல் பற்றிக்கொண்டனர். நிறுவனங்களைக் காப்பதற்கு அவற்றின் கதவுகளை அகலத் திறப்பதே வழி என்பது இந்தத் தமிழ் மரபுவாதத்தின் தனிக்கூறு.

அதன் குறைகளும் மறைக்கத் தக்கவையல்ல. ஜமீன்தார்களின் கட்சிக்குள் இருந்துகொண்டு நிலமற்ற உழவரின் நலனைப் பேசுவது இயலாத செயலாயிற்று. விடுதலைப் போராட்டத்தின் வேளையில் ஆங்கில அரசின் பட்டங்களைத் தாங்கியது மக்கள் மனத்தில் ஆறாத வடுவாக நின்றது. பிராமணரல்லாதார் என்னும் பெருங்குடைக்குள் ஒடுக்கப்பட்டோரின் தனிக்குரல் போதிய இடம் பெறவில்லை. அம்பேத்கர் 1944-இல் சுட்டிய குறையைக் களையாமல், பழைய பெயரை மட்டும் காத்ததே மரபுவழிப் பிரிவின் அரசியல் தோல்விக்கு அடிப்படை.

ஆயினும் ராஜன் நின்ற நிலை அவரோடு மறைந்துவிடவில்லை. 1974 செப்டம்பர் 25 அன்று ராஜன் மறைந்தபோது தமிழகத்தை ஆண்ட திராவிட முன்னேற்றக் கழகத்தில், அவரது மகன் பி.டி.ஆர். பழனிவேல் ராஜன் பின்னாளில் முக்கிய இடம் பெற்று, 1996 முதல் 2001 வரை சட்டப்பேரவைத் தலைவராகவும், 2006-இல் சிறிது காலம் இந்து சமய அறநிலையத் துறை அமைச்சராகவும் இருந்தார். பேரன் பழனிவேல் தியாகராஜன் 2016-லும் 2021-லும் மதுரை மத்தியத் தொகுதியில் வென்று, 2021 முதல் 2023 வரை நிதியமைச்சராகப் பணியாற்றினார். இதைக் குடும்ப வரலாறாக மட்டும் காண்பது போதாது. இறைநம்பிக்கை உடையோரும் சமூகநீதியை ஏற்று ஒரே கட்சியில் நிற்கலாம் என்னும் நிலையைத் தமிழகத்தின் பெரிய கட்சிகள் பிற்காலத்தில் இயல்பாக ஏற்றுக்கொண்டன. 1944-இல் சேலத்தில் தோற்றதாகக் கருதப்பட்ட வாதம் அந்த அளவில் வென்றிருக்கிறது. திராவிட இயக்கத்தின் வரலாற்றைப் பகுத்தறிவுப் பிரிவின் வரலாறாக மட்டும் எழுதுவோர், அதன் மற்றொரு கிளை மதுரையில் வளர்ந்ததையும் சேர்த்து எழுதினால்தான் அந்த வரலாறு நிறைவு பெறும்.

1952-இல் ராஜனோடு ஒரே அவையில் எதிர்முனையில் அமர்ந்த பி. ராமமூர்த்தியையும், மதுரை ஆலைத் தொழிலாளர் இயக்கத்தையும் அடுத்த பகுதி ஆராயும்.

(தொடரும்)